முழங்கால் நுண்துளை அறுவை சிகிச்சை: கட்டிலிலிருந்து வேலைக்குத் திரும்பும் வரை

முழங்காலில் இரண்டு மூன்று துளைகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குள். பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையலைப் பார்க்க வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள். அலுவலகமும் அதே கணக்கில் அடுத்த வாரமே வரச் சொல்லும். ஆனால் எத்தனை நாள் ஓய்வு என்பதைத் துளையின் அளவு சொல்லாது. உள்ளே என்ன வேலை நடந்தது என்பதுதான் சொல்லும்.

ஆகவே முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படியுங்கள். "ஜவ்வு ஆபரேஷன்" என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. மெனிஸ்கஸ் என்பது முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு. அது கிழிந்து தொங்கும் துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தால், பொதுவாக முதல் நாளே காலை ஊன்றலாம், முடிந்த அளவு மடக்கலாம். கிழிசலைத் தைத்திருந்தால் கதை வேறு. மெனிஸ்கஸின் வெளி விளிம்புக்குத்தான் நல்ல ரத்த ஓட்டம் உண்டு, அதனால் தைத்த இடம் மெதுவாகத்தான் கூடும். 4 முதல் 6 வாரம் வரை பிரேஸ் (முழங்காலைத் தாங்கும் பட்டை), ஊன்றுகோல், 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் வரும். மூன்றாவது, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைத்திருக்கும் ஏ.சி.எல். தசைநாரைப் புதிதாக அமைப்பது. இதில் ஒரு பொறி உண்டு: பொருத்திய நாண் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் மாதங்களில்தான் பலவீனமாக இருக்கும். அந்தச் சமயத்தில் வலி அநேகமாகப் போயிருக்கும். "சரியாகிவிட்டது" என்று ஓடிப்போய் பஸ் ஏறுவதும் அப்போதுதான்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் நான்கு கேள்விகளுக்குப் பதிலை எழுதி வாங்குங்கள்: காலில் எவ்வளவு எடை போடலாம், எத்தனை டிகிரி மடக்கலாம், பிரேஸைத் தூங்கும்போதும் போட வேண்டுமா, இவை எந்தத் தேதி வரை. கீழே சொல்வது எதுவும் இந்தப் பதில்களோடு முரண்பட்டால், உங்கள் மருத்துவர் சொன்னதே செல்லும்.

<b>வீட்டைத் தயார் செய்வது</b>

இதை அறுவை சிகிச்சைக்கு முன்பே செய்துவிட வேண்டும். தரைப்பாய் சில வாரங்களுக்கு வேண்டாம். தரையிலிருந்து எழுவதற்கு முழங்காலை முழுக்க மடக்கித் திருப்ப வேண்டியிருக்கும். உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிற உயரத்தில் கட்டில், கைப்பிடி உள்ள நாற்காலி, குளிக்க உறுதியான ஸ்டூல், குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஆகியவை போதும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால், மருந்துக் கடைகளில் கிடைக்கும் கமோடு நாற்காலியை வாங்கிவிடுங்கள், வாடகைக்குக்கூடக் கிடைக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ குந்திவிடலாம் என்று நினைப்பவர்கள்தான் தைத்த மெனிஸ்கஸை மறுபடி கிழித்துக்கொள்கிறார்கள்.

அக்குளில் வைக்கும் ஊன்றுகோலின் உயரத்தை அங்கேயே சரிபார்த்து வாங்குங்கள். மேல் திண்டுக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். எடையைத் தாங்குவது உள்ளங்கைதான். அக்குளில் சாய்ந்து தொங்கினால் அங்குள்ள நரம்பு அழுந்தி, விரல்கள் மரத்து, மணிக்கட்டே தொங்கிப்போகலாம்.

<b>முதல் மூன்று நாள்</b>

முதுகில் ஊசி போட்டோ, காலுக்கு நரம்பு மரப்பு கொடுத்தோ செய்திருந்தால் உணர்ச்சி திரும்பிய பிறகும் தொடைத் தசை சிறிது நேரம் கைவிடும். முதல் தடவை எழும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

உள்ளே உப்பு நீரைச் செலுத்தித்தான் இந்தச் சிகிச்சையைச் செய்கிறார்கள். அதனால் மூட்டுக்குள் 'களக் களக்' என்று சில நாள் சத்தம் கேட்கலாம், பயப்பட வேண்டாம். துளையைச் சுற்றி லேசாக மரத்திருப்பதும், கன்றிய நீலம் மெல்ல இறங்கிக் கணுக்கால் வரை வருவதும் அப்படித்தான்.

வீக்கத்தை இறக்குவதுதான் இந்த நாட்களின் முக்கிய வேலை. ஐஸ் கட்டிகளை மெல்லிய ஈரத்துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை. தோலில் நேரடியாக வைக்காதீர்கள். மரப்பு போகாத காலில் ஐஸ் சுட்டாலும் தெரியாது. படுக்கும்போது குதிகாலும் கெண்டைக்காலும் தலையணை மேல் இருந்து, கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்கட்டும்.

இங்கே எல்லா வீட்டிலும் நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு ஒன்று: முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் லேசாக மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். கடைசி ஐந்து பத்து டிகிரி நீட்ட முடியாமல் போனால் நொண்டல் நிரந்தரமாகிவிடும். மடக்க முடியாத காலைப் பின்னால் சரிசெய்வதைவிட நீட்ட முடியாத காலைச் சரிசெய்வது கடினம்.

துளைமேல் போட்ட கட்டு நனையக் கூடாது. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை பிளாஸ்டிக் உறை சுற்றிக் குளியுங்கள். கிணறு, குளம், நீச்சல் குளம் எல்லாம் துளை முழுவதும் மூடிய பிறகுதான். மஞ்சள் பற்று, எண்ணெய் எதையும் துளையில் தடவாதீர்கள். கெண்டைக்கால் வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடுவது இன்னும் ஆபத்து. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் குடிக்கலாம். அது ஜவ்வை வளர்க்காது, அவ்வளவுதான்.

வலி மாத்திரையை வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போடுவதைவிட, எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போட்டால் பயிற்சி செய்ய முடியும். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையைக் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள்.

<b>தொடையை எழுப்புவது</b>

மூட்டுக்குள் நீர் சேர்ந்தால், தொடையின் முன்தசைக்கு வரும் நரம்புக் கட்டளையே குறைந்துவிடும். அதனால்தான் வலியே இல்லாதபோதும் கால் திடீரென்று மடங்குகிறது. இது சோம்பலும் இல்லை, பயமும் இல்லை. வீக்கத்தை இறக்கி, தசையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும்.

மணிக்கொரு முறை பாதத்தை முன்னும் பின்னும் 20 தடவை அசையுங்கள், கெண்டைக்கால் ரத்தம் ஓடட்டும். அடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்துவது போலத் தொடையை இறுக்கி 5 வினாடி பிடித்து விடுங்கள். முட்டிச் சில்லு தொடைப்பக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது நகரவில்லையென்றால் தசை வேலை செய்யவில்லை, நீங்கள் இடுப்பைத்தான் இறுக்குகிறீர்கள். 10 தடவை, நாளுக்கு ஐந்தாறு முறை. மருத்துவர் தடுக்காவிட்டால் குதிகாலுக்கு மட்டும் சுருட்டிய துண்டை வைத்து முழங்காலைத் தொங்கவிட்டு 5 முதல் 10 நிமிடம் இருங்கள், நீட்டல் தானாக வரும்.

காலை நேராகத் தூக்கும் பயிற்சியை எல்லோரும் முதல் நாளே ஆரம்பிக்கிறார்கள். தூக்கும்போது முழங்கால் தளர்ந்து மடங்கினால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம், முந்தைய பயிற்சிக்கே திரும்புங்கள். பூட்டியது போல நேராக நின்றால் ஓர் அடி உயரம் தூக்கி 10 தடவை, மூன்று சுற்று. மடக்குவதற்குக் குதிகாலைப் படுக்கையில் இழுத்து இழுத்துக் கொண்டுவருவது போதும், எழுதித் தந்த டிகிரிக்குள்.

அளவு பார்க்க ஒரு தையல்காரர் டேப் போதும். தினமும் காலையில் முட்டிச் சில்லின் நடுவில் சுற்றளவை அளந்து குறித்து வையுங்கள். நேற்று செய்ததால் இன்று காலை ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம். பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். வலி பொய் சொல்லும், மாத்திரை போட்டால் அடங்கிவிடும். டேப் பொய் சொல்லாது.

நொண்டாமல் நடக்கும் வரை ஊன்றுகோலை விடாதீர்கள். ஒற்றைக் கோலுக்கு மாறும்போது அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அப்போது உடல் அந்தப் பக்கம் சாய்ந்து எடை கூடத்தான் செய்யும். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை செய்த கால் முதலில்.

<b>காத்திருக்கக் கூடாதவை</b>

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனை. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தால் 108. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனாலோ, துளையில் சீழ் வந்தாலோ, மூட்டு கொதித்து அசைக்கவே விடாமல் வலித்தாலோ மூட்டுக்குள் கிருமி என்று சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களே வாங்கிப் போட்டு இரண்டு நாள் பார்ப்பது குருத்தெலும்பையே கரைத்துவிடும். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும், மூட்டு ஒரே நிலையில் பூட்டிக்கொண்டாலும் உடனே கூப்பிடுங்கள்.

<b>வேலை எப்போது?</b>

துண்டை வெட்டி எடுத்த சிகிச்சைக்கு: மேசை வேலைக்கு ஒன்று முதல் இரண்டு வாரம், நின்று செய்யும் வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம், சுமை தூக்குவது, குந்துவது, ஏணி ஏறுவது என்றால் ஆறு முதல் எட்டு வாரம் அல்லது அதற்கு மேல். தைத்திருந்தால் மேசை வேலை ஊன்றுகோலோடு சில வாரத்தில் முடியும், ஆனால் குந்தும் வேலைக்கு நான்கு மாதமாவது ஆகும். ஏ.சி.எல். என்றால் கடின உடலுழைப்புக்கு நான்கு முதல் ஆறு மாதம், விளையாட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் வேண்டாம்.

இந்த எண்களைவிட உங்கள் வேலையில் முழங்கால் என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநருக்குக் கிளட்சும் கியரும் கையில், பிரேக் வலது காலில். அதனால் இடது முழங்காலில் சிகிச்சை என்றால் சீக்கிரம் திரும்பலாம், வலது என்றால் அவசரப் பிரேக்கைத் தயங்காமல் மிதிக்கும் பலம் வரும்வரை காத்திருக்க வேண்டும். லாரி ஓட்டுநருக்கு இடது காலும் தப்பாது, கிளட்சு கனமானது, கேபினுக்குள் ஏறுவதே ஒரு பயிற்சி. தையல் மெஷினில் மோட்டார் பெடலை மற்றக் காலுக்கு மாற்றிக்கொள்ளலாம். மிதி மெஷினும் குழித்தறியும் அப்படி இல்லை, முழங்கால் ஓயாமல் மடங்கி நீளும். நடவு, களை, டைல்ஸ் பதிப்பது போன்றவை எல்லாவற்றிலும் கடைசியாகத் திரும்ப வேண்டியவை.

ஜவுளிக் கடை, நகைக் கடை ஊழியர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

பல பேருக்கு வேலையைவிடப் பயணம்தான் காலை வீங்க வைக்கிறது. நெரிசல் பஸ்ஸில் திடீர் பிரேக்குக்கு முழங்கால் முறுக்கும். முதல் இரண்டு வாரம் கூட்டம் குறைந்த நேரத்துக்குப் பணி நேரத்தை மாற்றிக் கேளுங்கள். பைக்கில் கியர், பின் பிரேக், ஸ்டாண்டு எல்லாமே காலில்தான். ஸ்கூட்டரில் பிரேக் கையில் இருந்தாலும் சிக்னலில் வண்டியின் எடையைத் தாங்குவது கால்தான். வண்டியை நிறுத்தி வைத்து, சிகிச்சை செய்த காலை ஊன்றிச் சாய்த்துப் பாருங்கள், நடுங்கினால் இன்னும் ஆகவில்லை. கிக்கரை மறந்துவிடுங்கள். பின்னால் உட்காருவதும் பாதுகாப்பு அல்ல, காலைச் சுழற்றி ஏறும்போது ஊன்றிய முழங்கால் திருகும்.

மேசையில் உட்காருகிறவர்கள் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்து, அரை மணிக்கொரு முறை எழுந்து நடக்கட்டும். முடிந்தால் முதல் வாரம் அரை நாள்.

<b>விடுப்பும் சம்பளமும்</b>

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்குத் தகுதி இருந்தால் நோய்க்காலப் பணமாகச் சராசரித் தினக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். தனியார் மருத்துவமனைச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு குணமான பிறகு போனால் அலைச்சல்தான், ஆரம்பத்திலேயே போய்ப் பதிந்துவிடுங்கள். வேலை செய்யும் இடத்தில் விழுந்ததால் கிழிந்தது என்றால் அது வேலைக் காயம். அதற்கு 90 சதவீதம், 91 நாள் வரம்பும் கிடையாது. ஆனால் விபத்தை உடனே சொல்லிப் பதிவு செய்திருக்க வேண்டும். தனியார் காப்பீட்டில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவும் பாலிசியைப் பொறுத்துச் சில வாரங்களுக்குக் கிடைக்கும், பிசியோதெரபி ரசீதுகளை மருத்துவரின் பரிந்துரைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

பணிக்குத் திரும்பும் சான்றிதழில் "தகுதியானவர்" என்ற ஒரே சொல் போதாது. "ஆறு வாரத்துக்குக் குந்தக் கூடாது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தொடர்ந்து ஒரு மணிக்கு மேல் நிற்கக் கூடாது" என்பது போல, உங்களுக்குப் பொருந்தும் அளவோடு எழுதச் சொல்லுங்கள். மேற்பார்வையாளரிடம் ஒவ்வொரு நாளும் வாதாடுவது மிச்சம்.

வேலைக்குப் போன முதல் வாரத்தில் மாலையில் கொஞ்சம் வீங்குவது எதிர்பார்க்கக் கூடியதே. இரவு ஐஸ் வைத்து, காலையில் டேப்பை எடுத்து அளவு பழையபடி இறங்கியிருந்தால் போகலாம். தொடர்ந்து மூன்று நாள் காலையில் இறங்கவில்லையென்றால் நிற்கும் நேரத்தைக் குறைத்து, மறுபரிசோதனைத் தேதியை முன்னால் இழுங்கள்.