சுகர் இருக்கிறவர்களுக்குத் தொங்கும் கழுத்து: கத்தியா, மெஷினா?

எங்கள் அக்காவுக்கு 58 வயது, சுகர் வந்து 14 வருடம் ஆகிறது. போன ஆடியில் தண்டையார்பேட்டையில் யாரோ கையில் திணித்த பார்லர் நோட்டீஸை நாலாக மடித்து பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒரே சிட்டிங்கில் கழுத்து இறுகிவிடும், ஆடி ஆஃபர் என்று போட்டிருந்தது. தையில் மகளுக்குக் கல்யாணம், வீடியோ காலில் தன் கழுத்தைப் பார்த்துப் பார்த்து நொந்து போயிருந்தாள். "சுகர்காரிக்கு ஆபரேஷன்தானே ஆகாது, இது சும்மா மெஷின்தானேடி" என்றாள். அந்த ஒரு வரியிலேயே இரண்டு தப்பு. சுகர் இருந்தால் ஆபரேஷனே கூடாது என்பது ஒன்று, மெஷின் என்றால் சும்மா என்பது இன்னொன்று. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடியில் புடவை எடுத்தால் சாயம் போனாலும் ஒரு புடவையோடு போச்சு, கழுத்து அப்படி இல்லையே.

முதலில் கண்ணாடி முன்னால் நின்று எது தொங்குகிறது என்று பாருங்கள். தாடைக்கு அடியில் இரண்டு விரலால் கிள்ளிப் பிடியுங்கள். மெத்தென்று தடிமனாக வந்தால் கொழுப்பு. துவைத்துத் துவைத்துத் தொய்ந்த ஜாக்கெட் துணி மாதிரி மெல்லிசாக இழுபட்டு, விட்டால் மெதுவாகத் திரும்பினால் தளர்ந்த தோல். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஈ' என்று வாயை நன்றாக இழுங்கள், கழுத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கயிறு புடைத்துக்கொண்டு நிற்கும். நாம் நரம்பு என்று சொல்கிறோமே, அது நரம்பு இல்லை, பிளாட்டிஸ்மா என்கிற மெல்லிய தசையின் ஓரம். இந்த மூன்றில் எது அதிகம் என்று தெரியாமல் எந்தச் சிகிச்சைக்கும் பணம் கட்டாதீர்கள், ஏனென்றால் கொழுப்பைக் கரைக்கும் ஊசி தோலை இழுக்காது, தசையைத் தளர்த்தும் ஊசி கொழுப்பைத் தொடாது.

இந்த மூன்றிலும் சேராத சிலதும் உண்டு, சுகர் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பின்கழுத்தில் வெல்வெட் மாதிரி கருத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். அக்கா பத்து வருடமாகப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டதுதான் மிச்சம். எடையும் சுகரும் இறங்கினால்தான் அது மங்கும், தோலை இழுத்துத் தைக்கிற லிஃப்ட் செய்து போகாது. பின்கழுத்தும் மேல்முதுகும் கிள்ளவே முடியாத அளவுக்கு இறுகிக் கெட்டியாக இருந்தால் அது நீண்டநாள் சுகரில் வரும் வேறொரு தோல் பிரச்சினை, தோல் டாக்டரிடம் காட்டுங்கள். முன்கழுத்து வீக்கம் ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கும்போது கூடவே மேலே ஏறி இறங்கினால் தைராய்டாக இருக்கலாம். அதை இரட்டைத் தாடை என்று நினைத்துக்கொண்டு யாரையும் ஊசி போட விடாதீர்கள்.

அடுத்தது எச்பிஏ1சி. கிட்டத்தட்ட மூன்று மாதச் சுகரின் சராசரி அது. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மட்டும் சோற்றைக் குறைத்து இதை ஏமாற்ற முடியாது. அவசரமில்லாத ஆபரேஷனுக்கு இது 8 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல், அழகு சிகிச்சை செய்கிற பல சர்ஜன்கள் 7-ஐ ஒட்டி வந்தால்தான் கை வைப்பார்கள். சுகர் ஏறிக் கிடந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும், சின்ன ரத்தக் குழாய்களில் ஓட்டம் குறையும், காயம் ஆறாமல் இழுக்கும். நம் வடசென்னைப் பக்கம் சுகர் டாக்டருக்குப் பஞ்சம் கிடையாது. ராயபுரத்தில் 1954-ல் டாக்டர் எம். விஸ்வநாதன் ஆரம்பித்த ஆஸ்பத்திரிதான் பின்னால் சர்க்கரைக்கென்றே தனி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. கழுத்து டாக்டருக்கு முன்னால் உங்கள் சுகர் டாக்டரைப் பாருங்கள்.

சரி, கத்தி இல்லாத வழிகள். கயிறு மட்டும்தான் பிரச்சினை என்றால் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி நல்ல தேர்வு, சுகரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, மூன்று நான்கு மாதத்தில் பலன் தீர்ந்துவிடும், திரும்பப் போட வேண்டும். அளவு மீறினாலோ இடம் தவறினாலோ சில நாள் சாப்பாடு விழுங்கச் சிரமமாகும், அதனால் கைதேர்ந்தவர் போட வேண்டும். கொழுப்புக்கு டிஆக்ஸிகோலிக் அமில ஊசி, அமெரிக்காவில் 2015-ல் தாடைக்கு அடியில் உள்ள கொழுப்புக்கு மட்டும் அனுமதி பெற்றது. ஒரு மாத இடைவெளி விட்டுப் பல தடவை போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் தாடை தவளை மாதிரி வீங்கும், ஓரத்து நரம்பில் பட்டால் சிரிப்பு சில வாரம் கோணிக்கொள்ளும். நூல் போட்டு இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தோலுக்கு அடியில் அந்நியப் பொருள் கிடப்பதால் சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சீழ் பிடிக்கும் பயம் கூடுதல், பலனும் நெடுநாள் நிற்காது.

நோட்டீஸில் வருவது பெரும்பாலும் ஒலி அலையால் சூடாக்கும் ஹைஃபு அல்லது ரேடியோ அலையால் சூடாக்கும் ஆர்எஃப். இரண்டும் தோலுக்கு அடியில் சூட்டை இறக்கி, தோலை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்கிற புரதத்தைப் புதிதாக வளரவிடும் முறைகள். லேசான, நடுத்தரத் தளர்வுக்கு உதவும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், ஒரே சிட்டிங்கில் கழுத்து இறுகும் என்பதெல்லாம் கதை. சூடு அதிகமானால் உடம்பு 'ஆ' என்று கத்தித்தான் சொல்லும். சுகரால் நரம்பு பாதித்துக் கால் மரத்துப் போயிருக்கிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை மங்கியிருக்கலாம், அதன் மேல் மரத்துப்போக க்ரீமும் தடவிவிட்டால் கேட்கவே வேண்டாம். நம் நிறத்துக்குச் சின்னச் சூட்டுக்காயம்கூட மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்கும். அக்காவோடு அந்த பார்லருக்கு நானும் போனேன். நாற்காலியில் உட்கார வைத்து, முடியைத் தூக்கிக் கிளிப் போட்டு, கழுத்தில் வெள்ளைப் பென்சிலால் கோடு கிழித்துவிட்டார்கள். அதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சுகர் இருக்கிறதா என்று கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம், ஷேர் ஆட்டோவில் வீடு வரைக்கும் அந்தக் கோட்டோடுதான் வந்தாள்.

தோல் நிறைய தொங்கினால் எந்த மெஷினும் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆபரேஷன்தான். தாடைக்கு அடியில் சின்னதாகக் கீறி, கொழுப்பை எடுத்து, பிரிந்து கிடக்கும் தசை ஓரங்களை நடுவில் தைத்து, மிச்சத் தோலைக் காதுக்குப் பின்னால் இழுத்து வெட்டித் தைப்பார்கள். பலன் வருடக்கணக்கில் நிற்கும். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள், அவசரம் வந்தால் கவனிக்க வசதியுள்ள ஆஸ்பத்திரியில் செய்கிறாரா என்றும் கேளுங்கள். முதல் 24 மணி நேரத்தில் உள்ளே ரத்தம் கட்டுவதுதான் பெரிய பயம், பிபி ஏறினால் அது இன்னும் மோசமாகும். காதுக்குப் பின்னால் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவு, சுகரோடு பீடி சிகரெட்டும் சேர்ந்தால் அந்த ஓரம் கறுத்து அழுகக்கூடும், குறைந்தது நான்கு வாரம் முன்னாலேயே விட்டுவிட வேண்டும். காப்பீடு அழகு சிகிச்சைக்குப் பணம் தராது, கைக்காசுதான்.

சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் பட்டினி கிடக்கும்போது மீட்டரில் சுகர் ஒழுங்காகக் காட்டிக்கொண்டே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். இவை மெட்ஃபார்மினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வரும், அட்டையின் பின்பக்கம் படியுங்கள். வாரம் ஒரு தடவை போடும் செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசி இரைப்பையை மெதுவாகக் காலியாக்கும் என்பதால் மயக்க டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஊசியால் எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் கழுத்து இன்னும் தொய்யும், எடை ஓரிடத்தில் நின்ற பிறகு வெட்டிக்கொள்ளலாம். இன்சுலினையோ ஆஸ்பிரினையோ நீங்களாக நிறுத்த வேண்டாம், இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் நிறுத்துகிற பேச்சையே எடுக்காதீர்கள். குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். காலையில் முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேளுங்கள், பட்டினி நேரம் குறையும். வீக்கத்துக்கும் வாந்திக்கும் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஓரிரு நாள் சுகர் எகிறும், பயப்படாமல் அடிக்கடி குத்திப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டை மென்று தின்னச் சிரமம், எல்லோரும் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். அரிசிக் கஞ்சி சுகரை ஒரே தூக்காகத் தூக்கும். காயம் ஆறப் புரதம் வேண்டும். காசிமேட்டில் சுறா வாங்கி முள் பார்த்து உதிர்த்துப் புட்டு செய்தால் மெல்லவே வேண்டாம், அவித்த முட்டை, கடைந்த பருப்பு, மோர் எல்லாம் நல்லது. தலையணையை உயர்த்திப் படுங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு விடக் கஷ்டமானாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

ஆடியில் அக்காவின் எச்பிஏ1சி 9.2. தையில் கல்யாணம் முடிந்தது, ஆல்பத்தில் கழுத்து அப்படியேதான் இருக்கிறது. இப்போது 7.3-க்கு வந்துவிட்டாள், அடுத்த வாரம் சர்ஜனைப் பார்க்கிறாள். அந்த ஆடி ஆஃபர் நோட்டீஸின் வெற்றுப் பக்கத்தில்தான் மாத்திரைப் பெயரெல்லாம் எழுதி வைத்திருக்கிறாள்.