12 வாரங்களில் முதல் ஸ்பிரின்ட் டிரையத்லான்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவேளையின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதே டிரையத்லான். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் பே கரையில், ஓட்டக்காரர்கள் சிலர் கூடி நடத்திய போட்டியாகத் தொடங்கிய இது, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒலிம்பிக் தொலைவு என்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அதில் சரிபாதியான 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. என்பதே ஸ்பிரின்ட் தொலைவு. முதன்முறை இறங்குபவருக்கு ஏற்றது இதுதான். அரை மணி நேரம் நிற்காமல் மெல்ல ஓட முடிந்து, நீச்சல் குளத்தின் ஒரு நீளத்தையாவது கடக்கத் தெரிந்து, வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கக்கூடியவர் 12 வாரங்களில் இதற்குத் தயாராகிவிடலாம். நீச்சலே தெரியாதவர் அவசரப்பட வேண்டாம். முதலில் அதை மட்டும் சில மாதங்கள் கற்றுக்கொண்டு, பிறகு இந்தக் கணக்கைத் தொடங்கலாம். 40 வயதைக் கடந்தவர்களும், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் யாருக்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்களும் பணம் கட்டிப் பெயரைப் பதிவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பயிற்சி நேரத்தை மூன்றுக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் புதியவர்கள் பலரும் செய்யும் தவறு. போட்டியில் நீச்சலுக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு; ஆனால் பயிற்சியில் ஏறக்குறைய பாதியை அதற்கே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சைக்கிளிலும் ஓட்டத்திலும் களைத்துப்போனால் ஓரமாக நின்று மூச்சு வாங்கலாம், மெல்ல நடக்கலாம். நீரில் களைப்பும் பயமும் சேர்ந்து வரும்; அங்கே உடல் வலிமையைவிட முறையான பழக்கமே நம்மைக் காக்கும்.

நம்மில் பலர் சிறுவயதில் ஊர்க்கிணற்றிலோ ஏரியிலோ நீந்தக் கற்றவர்கள். தலையை நீருக்கு மேலே தூக்கி வைத்து, கைகளை வேகமாக வீசி, கால்களால் நீரை அடித்துச் செல்லும் அந்த நீச்சல் கிணற்றின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் போதுமானது. 750 மீட்டருக்குப் போதாது. தலை மேலே எழும்போது இடுப்பும் கால்களும் தாழ்கின்றன. தாழ்ந்த உடலை இழுத்துச் செல்லக் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது. 100 மீட்டருக்குள் மூச்சு முட்டுகிறது. ஆகவே கிணற்றில் கற்றவர் தமக்கு நீச்சல் தெரியும் என்ற எண்ணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, குளத்தின் தரையைப் பார்த்தபடி முகத்தை நீருக்குள் வைத்து ஃப்ரீஸ்டைல் முறையைப் புதிதாகக் கற்பதே நல்லது. இயன்றால் முதல் மூன்று வாரங்களுக்குப் பயிற்சியாளர் ஒருவரின் கண் நம்மீது இருக்கட்டும்.

இதில் முதலில் வசப்பட வேண்டியது கையோ காலோ அன்று, மூச்சு. முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுவதும் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் காற்றைச் சிறுகச் சிறுக வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முகத்தைத் திருப்பியதும் உள்ளிழுப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். பலர் நீருக்குள் மூச்சை அடக்கி வைத்துவிட்டு, வெளியே வந்த அரை நொடியில் விடுவதையும் இழுப்பதையும் ஒருசேரச் செய்ய முயல்கிறார்கள். திணறல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். நீருக்குள் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே நீந்திப் பாருங்கள். முனகல் அறுபடாமல் இருந்தால் காற்று தானாக வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது 30 நீளங்கள். முதல் வாரம் ஒரு நீளம் நீந்தி, அரை நிமிடம் நின்று, இவ்வாறு எட்டு முறை செய்தால் போதும். பிறகு இரண்டு நீளங்கள், நான்கு நீளங்கள் எனத் தொடர்ச்சியைக் கூட்டிக்கொண்டே சென்று, ஏழாவது வாரத்தில் 400 மீட்டரையும் பத்தாவது வாரத்தில் 750 மீட்டரையும் நிற்காமல் நீந்தும் நிலைக்கு வர வேண்டும். வேகத்தைக் கடிகாரத்தில் பார்க்கும் ஆசையை இந்தப் பத்து வாரங்களுக்கும் அடக்கிக்கொள்வது நல்லது.

போட்டி குளத்திலா, ஏரியிலா, கடலிலா என்பதை முன்பே அறிந்துகொள்ளுங்கள். திறந்த நீரில் தரையில் கோடு இராது; சுவர் இராது; கலங்கிய நீரில் தன் கையே தெரியாது. ஆறேழு முறை கை வீசியதும் கண்களை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, வழிகாட்டும் மிதவையைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைக் குளத்திலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். கடலில் குறைந்தது மூன்று முறையாவது பயிற்சி தேவை. ஆனால் சென்னைக் கடலில் தனியாக இறங்கவே கூடாது. மெரினாவில் அலை இழுத்துச் சென்ற உயிர்கள் பல. பாதுகாப்புப் படகோ உயிர்காப்பாளரோ உள்ள குழுவுடன், இடுப்பில் நிறமிட்ட மிதவையைக் கட்டிக்கொண்டு செல்ல வேண்டும். இறங்குமுன் கரையிலுள்ள மீனவர்களிடம் நீரோட்டத்தைக் கேட்பது மிகுந்த பயன் தரும். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வண்ணி என்றும் பெயரிட்டு அறிந்து வைத்திருப்பவர்கள் அவர்கள். இன்று வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திரும்பிவிட வேண்டும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, முதல் போட்டிக்காக விலையுயர்ந்த வண்டி வாங்கத் தேவையில்லை. இரண்டு பிரேக்குகளும் நன்றாகப் பிடிக்கிற, கைப்பிடி முனைகள் மூடியிருக்கிற எந்தக் கியர் சைக்கிளும் பெரும்பாலும் போதும். பணத்தைவிட இருக்கையின் உயரத்தில் கவனம் செலுத்துங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும், பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். தாழ்ந்த இருக்கையில் மணிக்கணக்காக மிதித்து முழங்கால் வலியைத் தேடிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கனமான கியரில் இறுக்கி மிதிப்பதற்குப் பதிலாக, இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றுகள் வரை சுழற்றப் பழகினால், அடுத்து வரும் ஓட்டத்துக்குத் தொடைகளில் வலு மிஞ்சும். சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு விடியுமுன் சென்றுவிடுவது வழக்கம். முன்விளக்கும் பின்விளக்கும் தலைக்கவசமும் இல்லாமல் அங்கே ஏறக் கூடாது. ஓட்டியபடியே ஒரு கையால் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்து மீண்டும் வைப்பதையும், பஞ்சரான டியூபை மாற்றுவதையும் போட்டிக்கு முன்பே கற்றுவிடுங்கள். போட்டியின்போது வெளியாள் யாரும் உதவக் கூடாது என்பது விதி.

ஓட்டத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும், ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம். உடன் ஓடுபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற வேகமே சரியான வேகம். ஓட்டத்தைவிட முக்கியமானது, சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் ஓடும் பயிற்சி. இதைப் பிரிக் என்பார்கள். இறங்கிய முதல் சில நிமிடங்கள் கால்கள் நம்முடையவையே அல்ல என்பதுபோலக் கனக்கும். ஓடும் கால்களுக்குரிய அசைவுக்கு உடல் மாற நேரம் பிடிக்கிறது. அதை முன்பே அனுபவித்தவர் மிரளமாட்டார். நான்காவது வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் நெடிய சவாரிக்குப் பின் 10 நிமிடம் ஓடத் தொடங்கி, படிப்படியாக 20 நிமிடத்துக்கு உயர்த்துங்கள். அடிகளைக் குறுக்கி, விரைவாக எடுத்து வைத்தால் கனம் சீக்கிரம் விலகும்.

செவ்வாய், வியாழன், சனி நீச்சல். புதன், வெள்ளி ஓட்டம். ஞாயிறு சைக்கிளும் பிரிக் ஓட்டமும். திங்கள் முழு ஓய்வு என்பது வேலைக்குச் செல்பவருக்கு ஒத்துவரும் அமைப்பு. சவாரி வாரம் ஒன்று போதவில்லை எனத் தோன்றினால் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வரலாம். ஒவ்வொரு நான்காவது வாரமும் அளவில் மூன்றிலொரு பங்கைக் குறைத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும். அந்த வாரத்தில் கூடுதலாகச் செய்யும் எதுவும் உடலுக்குப் பலம் சேர்க்காது, களைப்பைத்தான் சேர்க்கும்.

நம் ஊரின் வெயிலும் புழுக்கமும் தனிக் கவனத்துக்கு உரியவை. காற்றில் ஈரம் மிகும்போது வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடுகிறது, உடல் குளிர்வதில்லை. சவாரியின்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு குடிப்பதும், தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். போன்ற உப்புக் கரைசலைச் சேர்ப்பதும் நல்லது. தாகமின்றி லிட்டர் கணக்கில் வெறும் நீரைக் குடிப்பதும் ஆபத்தே. ஓடும்போது தலைசுற்றல், குமட்டல், வெயிலில் உடல் சில்லிடுதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே நின்று, நிழலுக்குச் சென்று, உடலில் நீரூற்றி, உதவி கேளுங்கள். போட்டியன்று காலை இரண்டு மணி நேரம் முன்னதாக, பழகிய இட்லியோ வாழைப்பழமோ போதும். அதுவரை உண்டு பாராத எதையும் அன்று உண்ண வேண்டாம்.

சைக்கிளை நிறுத்தி, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் மாற்றுமிடத்துக்குச் சீக்கிரமாகச் சென்று, நுழைவாயிலிலிருந்து உங்கள் சைக்கிள் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று எண்ணி, நடந்தே ஒருமுறை பாருங்கள். தலைக்கவசத்தை வார் திறந்தபடி கைப்பிடியின்மீது கவிழ்த்து வைத்துவிட்டு, காலணி, சிறு துண்டு, எண் பட்டை ஆகியவற்றைப் பயன்படுத்தப் போகும் வரிசையில் அடுக்கிவிடுங்கள். சைக்கிளைத் தொடுமுன் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியாக வேண்டும்; திரும்பி வந்து சைக்கிளை நிறுத்திய பிறகே கழற்றலாம். ஏறும் கோட்டைத் தாண்டிய பிறகே ஏறவும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கவும் வேண்டும். முன்செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுவது புதியவர்களுக்கான போட்டிகளில் பொதுவாகத் தடை. முந்துவதானால் தயங்காமல் முந்திவிட வேண்டும்.

நீச்சல் தொடங்கும்போது கூட்டத்தின் ஓரத்திலோ கடைசியிலோ நின்று, பத்து நொடி தாமதித்து இறங்குங்கள். என் முதல் போட்டியில் நான் முன்வரிசையில் பாய்ந்து, 100 மீட்டருக்குள் மூச்சிழந்து, மல்லாந்து வானத்தைப் பார்த்தபடி மிதந்தேன். ஒரு நிமிடத்தில் மூச்சு திரும்பியது, நீச்சலும் திரும்பியது. எந்த நீச்சல் முறையிலும் செல்லலாம். முன்னேறாமல் இருக்கும்வரை மிதவையையோ படகையோ பிடித்து இளைப்பாறவும் விதி இடம் தருகிறது. இதை மனத்தில் பதித்து இறங்குபவருக்குப் பாதி பயம் கரையிலேயே நின்றுவிடும். சைக்கிளில் முதல் ஐந்து கி.மீ. நிதானமாகச் சென்று, இறுதியில் கியரை இலகுவாக்கி, ஓட்டத்தின் முதல் கி.மீ.யை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள். மிச்சமுள்ள வலிமையைக் கடைசி இரண்டு கி.மீ.யில் செலவழிக்கலாம்.

இலக்கைத் தொட்டதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடந்து, கணுக்காலில் கட்டிய, நேரத்தைப் பதியும் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வயிறார உண்ணுங்கள். கடலோரப் போட்டியாக இருந்தால் அன்று மாலையே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். உப்புக்காற்று பட்ட சங்கிலியில் துரு ஏற அதிக நாள் ஆகாது.