எல்லை ஊர்களில் .22 ரைஃபிள்: தேர்வும் பராமரிப்பும்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், தாத்தா காலத்தில் வாங்கிய .22 ரைஃபிள் (குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) உரிமத்தோடு இன்னும் இருக்கிறது. இலக்குச் சுடுதலில் ஆர்வம் கொண்டு இப்படி ஒன்றைப் புதிதாகத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது, வாங்குமுன் எதைப் பார்ப்பது, எப்படிக் குறி சேர்ப்பது (குறிவைக்கும் புள்ளியிலேயே குண்டு படும்படி திருத்துவது), நம் மழைக்காலத்தில் அதை எப்படிக் காப்பது என்று இவ்விரு தரப்பினருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் பார்த்தவரையில் இந்தச் சிறு ரைஃபிள்கள் சுட்டுச் சுட்டுத் தேய்ந்தவை மிகக் குறைவு. முறை தெரியாமல் துடைத்ததாலும் ஈரத்தில் கிடந்ததாலும் பாழானவையே அதிகம்.

முதலில் இந்தத் தோட்டாவின் தரத்தை அறிந்துகொள்ள வேண்டும். .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தால் கொண்டுவரப்பட்டது. சாதாரண வகையில் 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள ஈயக்குண்டு நொடிக்கு 330 மீட்டர் அளவில் புறப்படுகிறது. அதன் ஆற்றல் 140 ஜூல் அளவே. மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை செய்யும் .315 ரைஃபிளோ 2,000 ஜூலைத் தாண்டும். ஆகவே தோப்பில் கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றிக்கு .22 ஒருபோதும் ஏற்றதல்ல. அது பன்றியைக் கொல்லாமல் காயப்படுத்தும், காயம்பட்ட பன்றி அடுத்து வருகிற ஆளைத் தாக்கும். கேரளத்தில் 2022 மே மாதத்தில், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிக்கப்பட்டது என்றாலும், அந்த உத்தரவின் பேரில் பொருத்தமான துப்பாக்கியுடன் வருகிற உரிமதாரர் செய்ய வேண்டிய வேலை அது. முயல், காட்டுக்கோழி, மயில் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. பிற நாடுகளில் இந்த ரைஃபிளைச் சிறு வேட்டைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதால் நாமும் அப்படி வைத்திருக்க முடியாது. நமக்கு இது இலக்குச் சுடுதலுக்கான கருவி, அதிலும் மிகச் சிறந்த கருவி.

தனிநபர் இறக்குமதி 1980களின் நடுப்பகுதியில் பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிட்டதால், கைமாறி வரும் வெளிநாட்டு ரைஃபிள்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது செக்கோஸ்லோவாகியாவில் செய்யப்பட்ட பிர்னோ மாடல் 2. ஐந்து தோட்டா கொள்ளும் மேகசின் (தோட்டாப் பெட்டி), தோளில் எளிதாக நிற்கும் எடை, தொலைநோக்கி பொருத்துவதற்கு மேற்புறத்திலேயே வெட்டப்பட்ட பள்ளங்கள் ஆகியவற்றோடு, பாகங்களைக் கழற்றிச் சேர்ப்பதில் எந்தச் சிக்கலும் இல்லாத நேர்மையான வேலைப்பாடு அதில் உண்டு. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. செய்த மார்ட்டினி வகை, ஒற்றைத் தோட்டா மட்டுமே கொள்ளும்; கீழ்க்கைப்பிடியை இறக்கினால் தோட்டா வைக்கும் அறை திறக்கும். ஒவ்வொரு குண்டையும் யோசித்துச் சுடப் பழக்குவதால் புதிதாகக் கற்பவருக்கு இதையே முதலில் சொல்வேன். ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் போட்டி ரைஃபிள்கள் விசையின் மென்மையில் இவ்விரண்டையும் விஞ்சும். ஆனால் அவை கனமானவை, விலையும் அதிகம். 50 மீட்டர் போட்டியில் இறங்க எண்ணுகிறவருக்கே அந்தச் செலவு தகும்.

ஆயினும் பெயரைக் கேட்டு விலை பேசிவிடக் கூடாது. அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றி, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பாருங்கள். உள்ளே ஓடும் சுருள் வரிகள் முனைமழுங்காமல், தொடக்கம் முதல் வாய்வரை ஒரே பளபளப்போடு தெரிய வேண்டும். நடுவே கருநிற வளையம் ஒன்று தெரிந்தால், எப்போதோ குண்டு அடைத்திருக்கையில் மறுபடி சுட்டதால் குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள்; அதை வாங்க வேண்டாம். அறையின் விளிம்பில் சிறு பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை விளிம்பினுள் இருப்பதால், விசையை இழுத்ததும் பாய்ந்து தோட்டாவை அடிக்கும் ஊசி அங்கேதான் அடிக்கிறது. பல பழைய ரைஃபிள்களில் காலி அறையில் விசையை இழுக்க இழுக்க அந்த ஊசி அறையின் விளிம்பையே குத்திச் சிதைத்துவிடும். குழல்வாயின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், முன்னாலிருந்து கம்பியை விட்டுத் துடைத்து வந்திருக்கிறார்கள் என்று அறியலாம். பாதுகாப்புப் பூட்டு எந்தப் பக்கம் தள்ளினால் பூட்டும் என்பது ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறுவதால், அதையும் காலி நிலையில் சோதித்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம், உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டு. எல்லையில் வாழ்கிற நமக்கு முக்கியமானது உரிமத்தில் எழுதியிருக்கும் பரப்பு. அதில் கேரளம் மட்டும் இருந்தால், கோபாலபுரம், வாளையாறு போன்ற எல்லைச்சாவடிகளை ரைஃபிளுடன் தாண்டக் கூடாது. கோவைப் பக்கத்துச் சுடுதளத்தில் பழக விரும்புகிறவர் பரப்பை விரிவுபடுத்தி வாங்கிய பின்னரே கிளம்ப வேண்டும்.

குறி சேர்ப்பதைச் சுடுதளத்தில் மட்டுமே செய்ய வேண்டும். இந்தச் சிறு குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் குணமும் அதற்கு மிகுதி. தென்னை மரமோ வரப்போ அதற்குத் தடுப்பாகாது. 50 மீட்டரில், மணல் மூட்டையின் மேல் குழலுக்குக் கீழுள்ள முன்கட்டையைத் தாங்கி, ஒரே புள்ளியை நோக்கி ஐந்து குண்டுகள் சுட்டு, அந்த ஐந்தின் நடுவை வைத்துத் திருத்துங்கள். ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருகை நகர்த்தினால் மாலை வரை நகர்த்திக்கொண்டே இருக்க நேரிடும். தோட்டா வகை மாறினால் குறியும் மாறும். ஒரே குழல் ஒரு வகைத் தோட்டாவை நெருக்கமாகவும் மற்றொன்றைச் சிதறலாகவும் போடுவது .22இன் இயல்பாதலால், கிடைக்கும் வகைகளைச் சுட்டுப் பார்த்து, ஒத்துவருவதையே தொடர்ந்து வாங்குவது நல்லது. 50 மீட்டருக்குச் சேர்த்த குறியில் 100 மீட்டரைச் சுட்டால் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் தாழ்ந்து விழும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து பிறகு போல்ட்டைத் திறக்க வேண்டும். வெடித்த ஓசை வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, குண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுடக் கூடாது.

இனித் துடைக்கும் முறை. ஈயக்குண்டின் மேலுள்ள மெழுகு குழலின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து அதைக் காக்கவும் செய்வதால், ஒவ்வொரு முறையும் உலோகத் தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. மூட்டில்லாத ஒரே கம்பியை, போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து விட்டு, கரைப்பான் தோய்த்த துணித்துண்டு ஒன்றும் பிறகு உலர்ந்த துண்டுகள் இரண்டு மூன்றும் ஒரே திசையில் தள்ளினால் போதுமானது. துணி வாய்க்கு வெளியே வந்ததும் அதை எடுத்துவிட்டு வெறும் கம்பியைத் திரும்ப இழுக்க வேண்டும். பின்பக்கம் திறவாத அமைப்புள்ள ரைஃபிளுக்குக் கம்பியைத் தவிர்த்து, துணியைக் கட்டிக் குழல் வழியே இழுக்கும் இழுகயிற்றைப் பயன்படுத்துங்கள். கவனம் அதிகம் தேவைப்படும் இடம், அறை முடிந்து வரிகள் தொடங்கும் அந்த விளிம்பு. அங்கே கரி வளையமாக இறுகிக் குறியைச் சிதறடிக்கும். அதை மட்டும் கரைப்பானில் சிறிது நேரம் ஊறவிட்டு வெண்கலத் தூரிகையால் எடுக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். வீட்டில் எப்போதும் இருக்கிறது என்று தேங்காயெண்ணெயை ரைஃபிளுக்குப் போடுகிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறைகிறது. மார்கழிக் காலையில் போல்ட்டின் உள்ளே உறைந்து ஊசியின் வேகத்தைக் குறைக்கிறது, நாளடைவில் பிசினாகி அழுக்கைப் பிடித்துக்கொள்கிறது. துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய கனிம எண்ணெயே வேண்டும், அதுவும் துணியில் தொட்டுப் பூசும் அளவுக்கு மட்டும். கையின் வியர்வை உப்பு மழைக்காலத்தில் ஓர் இரவிலேயே துருவைத் தொடங்கிவிடுவதால், தொட்ட ஒவ்வொரு முறையும் வெளிப்புறம் முழுவதையும் துடைக்க வேண்டும். சுடுவதற்கு முன் குழலின் உள்ளிருக்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள்.

தோலுறையில் ரைஃபிளை வைப்பது நிச்சயமான கேடு; தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட இரசாயனமும் இரும்பை அரிக்கும். பூட்டுள்ள இரும்புப் பெட்டியில், சுவரை ஒட்டாமல், குழல்வாய் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் இறங்கி ரைஃபிளின் மரக்கட்டையை நனைக்காது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, நீலம் வெளிறி இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். தோட்டாக்களை வேறொரு பெட்டியில், வேறு பூட்டில், எண்ணெய் படாமல் வைக்க வேண்டும். வால்நட் கட்டை வறண்டிருந்தால் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்து ஊறவிடலாம், ஆனால் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோ அப்புறப்படுத்துங்கள்.

தேர்தல் வந்தால் ரைஃபிளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்லக்கூடும். அங்கே அது வாரக்கணக்கில் யாரும் தொடாமல் நிற்கும். ஒப்படைக்கும் முன்நாளில் குழலின் உள்ளும் வெளியும் வழக்கத்தைவிடச் சற்றுக் கனமாக எண்ணெய் பூசி, மேகசினைக் கழற்றித் தனியே சுற்றி, தொலைநோக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, துணியுறையில் கொண்டுபோங்கள். ரைஃபிளின் எண்ணும் நிலையும் எழுதிய ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பப் பெற்ற அன்றே முழுவதும் கழற்றித் துடைத்து, தொலைநோக்கியைப் பொருத்தி, அடுத்த முறை சுடுதளத்துக்குப் போகும்போது 50 மீட்டரில் குறியை மறுபடியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.