சாப்பாட்டு ஊசி: புதிதாகத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்க்கரை நோய்க்குச் சாப்பாட்டோடு போடும், சீக்கிரம் வேலை செய்யும் ஊசியான ரேபிட் இன்சுலினைப் புதிதாகத் தொடங்குபவர்களைப் பார்த்தால் அலுப்புத்தான் வருகிறது. பத்து வருடத்துக்கு முன் தொடங்கியவர்கள் எங்கே சறுக்கினார்களோ, அதே இடத்தில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். ஸ்பிரிட் தேய்க்க மறந்தது, குத்தும்போது கை நடுங்கியது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறோம். அவற்றால் யாரும் மயங்கி விழுவதில்லை.

முதலில் மருந்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பார்ட், லிஸ்ப்ரோ, குளுலைசின் ஆகிய மூன்றும் ரேபிட் இன்சுலின்கள். நோவோராபிட், ஹுமலாக், அபிட்ரா என்ற பெயர்களில் கடையில் கிடைப்பவை இவைதான். குத்திய 10 முதல் 15 நிமிடத்தில் வேலை தொடங்கும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். நாலைந்து மணி நேரம் வரை உடம்பில் இருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசிக் கணக்கை மறப்பதால் வருபவை.

பழைய அரைமணிக் கணக்கு

குப்பியில் வரும் ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். பல வருடம் அதைப் போட்டுப் பழகியவர், ரேபிட்டுக்கு மாறிய பிறகும் ஊசியைப் போட்டுவிட்டு ஒரு குளியல் போட்டு, பேப்பரும் படித்துவிட்டு வந்து உட்காருகிறார். சோறு வருவதற்குள் சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டுகிறது. ரேபிட் என்றால் சோறு தட்டில் விழும் நேரத்துக்கு 10, 15 நிமிடம் முன்னால் போட்டால் போதும். எவ்வளவு சாப்பிடுவோம் என்று உறுதியில்லாவிட்டால், அதாவது வாந்தி, காய்ச்சல், படகில் ஆட்டம் என்று ஏதாவது இருந்தால், சாப்பிட்டு முடித்த கையோடு போடலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பார்ட்டுக்கும் லிஸ்ப்ரோவுக்கும் அந்த வசதி உண்டு.

இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு இன்னொரு ஊசி

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். எரிச்சல் மூட்டுவதும் இதுதான். சுகர் பார்க்கும் மெஷினில் வரும் நம்பர் ஒரு வசவு மாதிரி இருக்கிறது. பார்த்தவுடன் பதிலடி கொடுக்கக் கை பென்னை, அதாவது பேனா வடிவ இன்சுலின் ஊசியை, தேடுகிறது. ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இதற்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு. வளைகுடாவில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ரீடிங் கேட்பார். "320-ஆ? உடனே இன்னொரு ஆறு போடுங்க வாப்பா" என்பார். பாசம்தான், ஆனால் போட்ட ஆறு யூனிட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு எல்லா இன்சுலினும் சேர்த்து 45 யூனிட் போடுபவர் என்று வையுங்கள். ரேபிட்டுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எண் 1800. அதை 45-ஆல் வகுத்தால் 40. ஒரு யூனிட் ரேபிட் அவருக்கு ஏறத்தாழ 40 மி.கி. சுகரை இறக்கும் என்று பொருள். இது தோராயம்தான், மருத்துவர்கள் இதை வைத்துத்தான் தொடங்குவார்கள், பிறகு ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள்.

மதியம் 1 மணிக்குச் சோறு, மீன்குழம்பு. அதற்கு 8 யூனிட். 3 மணிக்குப் பார்த்தால் 270. கோபத்தில் 6. 4 மணிக்கு மறுபடி பார்த்தால் 240. "ஊசியே வேலை செய்யலையே" என்று இன்னொரு 6. 5 மணிக்கு 190. அப்பாடா என்று பாயில் சாய்கிறார்.

அந்த 5 மணிக்கு உடம்புக்குள் என்ன இருக்கிறது? 1 மணிக்குப் போட்ட எட்டு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். 3 மணிக்குப் போட்ட ஆறில் பாதி, அதாவது 3 யூனிட், இன்னும் மிச்சம். 4 மணிக்குப் போட்ட ஆறில் நாலுக்கு மேல் மிச்சம். கூட்டினால் 7 யூனிட்டைத் தாண்டும். யூனிட்டுக்கு 40 என்றால் 280 மி.கி.யை இறக்கும் சரக்கு உள்ளே இருக்கிறது. சுகரோ 190. மதியச் சோறு செரித்து முடிந்துவிட்டது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம். 6 மணிக்கு எழுப்பினால் அவர் எழுந்திருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இனி 3 மணிக்கே திரும்புவோம். 270 வந்தது. இலக்கு 150 என்றால் 120 அதிகம். 40-ஆல் வகுத்தால் 3 யூனிட் தேவை என்று தோன்றும். ஆனால் 1 மணிக்குப் போட்ட எட்டில் ஏறத்தாழ 4 யூனிட் அப்போது இன்னும் பாக்கி இருந்தது. மிச்சச் சாப்பாட்டைச் சமாளித்துக்கொண்டே அது சுகரை இறக்கிக்கொண்டிருந்தது. 3 மணிக்குத் தேவைப்பட்ட கூடுதல் ஊசி பூஜ்யம்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் ரீடிங், இன்று போட்ட அளவு பொருந்தியதா என்று நோட்டில் எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுவதற்கு. உடனே திருத்துவதற்கு அல்ல. திருத்த ஊசி வேண்டுமானால் அடுத்த சாப்பாட்டுக்கு முன் பார்த்து, சாப்பாட்டு அளவோடு சேர்த்துப் போட வேண்டும். கடைசி ரேபிட் போட்டு நாலு மணி நேரம் ஆகாமல் திருத்த ஊசி கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும்; அவர்களுக்கு நாலு மணி நேரம்கூடப் போதாது. படுக்கப்போகும் நேரத்துத் திருத்தம் மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால் மட்டும்.

நம்பரை நம்புவதற்கு முன் கையைக் கழுவுங்கள். கருப்பட்டி உடைத்த விரல், பதநீர் பட்ட விரல், நுங்கு தோண்டிய விரல் எதுவானாலும் அதன் இனிப்பு ரத்தச் சொட்டோடு கலந்து பொய்யாக ஏற்றிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் பார்த்தால் 280 என்பது 170 ஆகிப்போவது உண்டு. கையில் சுகர் பார்க்கும் சென்சார் ஒட்டியிருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். ரத்தத்தில் இறங்கத் தொடங்கிய பிறகும் சென்சார் சில நிமிடம் பழைய நம்பரையே காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்தான் அதிகம் அவசரப்படுகிறார்.

ஏற்கெனவே ஊசி மேல் ஊசி போட்டாகிவிட்டதென்றால் தூங்கக் கூடாது, தனியாக இருக்கக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது. மருத்துவருக்குப் போன் செய்து, போட்ட அளவையும் நேரத்தையும் சொல்லுங்கள். அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். கடைசி ஊசியிலிருந்து ஐந்து மணி நேரம் தாண்டும்வரை இதே காவல்தான்.

ஒரு விலக்கு: 300-க்கு மேல் நின்றபடி வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் வீட்டில் கணக்குப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரே மாதிரி இரண்டு பென்

ரேபிட்டும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், ராத்திரி போடும், நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினும் அப்படியே இருக்கும். கரண்ட் போன நேரத்தில் 20 யூனிட் கிளார்ஜினுக்குப் பதில் 20 யூனிட் ரேபிட்டைப் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். சாப்பாடு இல்லாமல் 20 ரேபிட் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரேபிட் பென்னில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள், இருட்டில் விரலே சொல்லிவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். மாற்றிப் போட்டது தெரிந்த நொடியில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். விடியட்டும் பார்க்கலாம் என்பது கூடாது.

40-உம் 100-உம்

நம் ஊரில் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பென் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. பென் ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை உறிஞ்சினால் உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட். 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு எடுத்தால் போவது வெறும் 4. கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் எடுக்கும் பழக்கமே வேண்டாம். பென் கெட்டால் புது பென் வாங்குங்கள்.

அண்ணன் பென்னைத் தம்பி போடுவது

ஊசியை மாற்றினாலும் கூடாது. கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தம் ஏறும்.

தொப்புளுக்குப் பக்கத்தில் அதே இடம்

குத்திக் குத்திக் கட்டியான இடத்தில் மருந்து சீராக ஏறாது. விரல் அகலம் தள்ளித் தள்ளிக் குத்துங்கள்.

மீன் ஐஸில் இன்சுலின்

மறுநாள் காலை கரை திரும்பும் விசைப்படகில் குளிர்ச்சியான இடம் ஐஸ் பெட்டிதான். அதனால் பென்னைக் கவரில் போட்டு நேராக உடைத்த ஐஸுக்குள் சொருகுகிறார்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் தீர்ந்தது. உருகிய பிறகு பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம், வேலை செய்யாது. இன்ஜின் ரூமுக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டில் வீணாகும். திறந்த பென் 30 டிகிரிக்குக் கீழே (அபிட்ரா என்றால் 25-க்குக் கீழே) இருந்தால் 28 நாள் தாங்கும், திறக்காதது பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். படகில் பென்னைத் துண்டில் தடிமனாகச் சுற்றி, டிபன் பாக்ஸில் அடைத்து, ஐஸில் படாதபடி ஐஸ் பெட்டியின் ஓரத்தில் வையுங்கள். மண்பானையில் ஈரமணல் போட்டு வைக்கும் வழி வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும். நம் கரையின் ஈரக்காற்றில் அவ்வளவு குளிராது. வெறும் அலமாரிக்கு அது தேவலை, அவ்வளவுதான். வழக்கமான அளவு போட்டும் சுகர் ஏறிக்கொண்டே போனால், அளவைக் கூட்டும் முன் பென்னைச் சந்தேகப்படுங்கள்.

ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டைக் காற்றில் தள்ளி, நுனியில் சொட்டு வருகிறதா என்று பாருங்கள். போட்ட பிறகு பொத்தானை அழுத்தியபடி பத்து எண்ணிவிட்டு எடுங்கள். ஊசியைப் பென்னிலேயே விட்டு வைத்தால் காற்றுக் குமிழ் ஏறும், மருந்தும் கசியும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் வாரம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். வலை இழுக்கும் உடம்பு சும்மா இருக்கிறது, சுகர் ஏறுகிறது, மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். அதுவரை சரி. தடை முடிந்ததும் அதே கூட்டிய அளவோடு கடலுக்குப் போகிறார்கள். உழைக்கும் தசை இன்சுலின் அதிகம் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அன்று மட்டுமல்ல, அன்று ராத்திரியும் இழுக்கும். கடைசியில் நடுக்கடலில் சுகர் லோ ஆகி (அளவுக்கு மீறி இறங்கி) விழுகிறார்கள். தடை முடிவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, கடல் நாள் அளவு ஒன்று, கரை நாள் அளவு ஒன்று என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். படகில் குறைந்தது ஒருவருக்காவது நீங்கள் இன்சுலின் போடுபவர் என்று தெரிந்திருக்க வேண்டும். வேலை முடித்து வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சுகர் இறங்கும்போது ஈரல் கைகொடுக்கும் வழியைச் சாராயம் அடைத்துவிடும். போதை என்று நினைத்து எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

நோன்பில் மதியத் திருத்தம்

விடியலுக்கு முன் சகருக்கும், நோன்பு திறக்கும்போதும்தான் சாப்பாடு. மதியத்தில் 250 வந்தாலும் ரேபிட்டைத் தொடாதீர்கள், ஏனென்றால் அதை எதிர்கொள்ள வயிற்றில் ஒன்றுமில்லை. 70-க்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து, ஆகவே பார்க்காமல் இருக்காதீர்கள். சகர் ஊசியின் அளவை ரமலானுக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். கஞ்சி, வடை, சர்பத் என்று நோன்பு திறக்கும் தட்டு கனமாக இருக்கும். ஆனாலும் ஒரே மூச்சில் பெரிய அளவைப் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்ச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

லோவுக்கு அல்வா, சாக்லேட், கருப்பட்டி

70-க்குக் கீழே வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது டீஸ்பூனில் மூன்று, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. நெய்யும் கொழுப்பும் சேர்ந்த இனிப்பு மெதுவாகத்தான் ஏறும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்குச் சீனியும் கருப்பட்டியும்கூடத் தாமதமாகத்தான் ஏறும், ஏனென்றால் அவை குடலில் உடைவதையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் பையில் குளுக்கோஸ் பவுடர்தான் இருக்க வேண்டும். பிரஷருக்கும் படபடப்புக்கும் தரும் புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வேர்வை மட்டும் வரும். வேர்வையைக் கடல் வெக்கை என்று விட்டுவிடாமல் விரலில் பாருங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். வருபவர்களிடம் பென்னைக் கையில் கொடுத்து, எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்ற மூன்றையும் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்துவிட்டார், கூட்டிக்கொண்டு போகிறோம் என்று அவசரப்பட வேண்டாம். ஊசி ஐந்து மணி நேரம் வேலை செய்யும், ஏற்றிய குளுக்கோஸ் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஊசியின் வேலை தீரும்வரை அங்கேயே இருங்கள்.