‘பேர் கெட்டா படிப்பு நின்னுடும்’: கல்லூரிப் பாலியல் தொல்லையில் நாம் செய்யும் தவறுகள்

பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பஸ் ஏறி தருமபுரிக்குப் படிக்க வரும் பெண்ணுக்கு வீட்டில் சொல்லி அனுப்புவது இதுதான்: “ஏதாவது பேர் கெட்டா படிப்பு நின்னுடும், பாத்துக்க.” நல்லதுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் ஒருவன் தொல்லை கொடுக்கும்போது அவள் வாயைக் கட்டிப்போடுவதும் இதே பேச்சுதான். சொன்னால் காலேஜை நிறுத்தி மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்ற பயம் நம் மாவட்டத்தில் சும்மா வந்ததல்ல. தொல்லை கொடுப்பவனும் அந்தப் பயத்தை நம்பித்தான் துணிகிறான். எது நடந்தாலும் படிப்பு நிற்காது என்று அட்மிஷன் போடும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவள் சொன்ன பிறகு போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். ஆதாரமே அதில்தான் இருக்கும்.

அடுத்தது நிர்வாகம். “எங்க காலேஜ்ல அப்படி ஒரு புகார்கூட வந்ததில்ல” என்பது பெருமையா என்ன? யாரிடம் கொடுப்பது என்றே தெரியாமல் இருக்கலாம். 2015ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு வேண்டும். தலைமையில் மூத்த பெண் பேராசிரியர், வெளியிலிருந்து ஒருவர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். போலீஸ் புகாருக்கு இந்தக் கெடு கிடையாது.

புகார் ஆசிரியர் மேல் என்றால்தான் பெரிய சிக்கல். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் இன்டர்னல் மார்க்கும் அவர் கையில். விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவரின் தேர்வுத்தாளையோ வேலையையோ அவர் மதிப்பிடக் கூடாது என்று தடுக்க விதியில் இடம் உண்டு. குழுவிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்துச் சமரசம் பேசுவதற்கு விதியில் இடமே இல்லை. முதலாண்டுப் பெண்ணுக்கு 17 வயதுதான் என்றால் போக்சோ, அதாவது 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், வந்துவிடும். தெரிந்தும் மூடி மறைக்கும் கல்லூரி முதல்வர் மேலேயே வழக்கு பாயும்.

“அப்பவே ஏன் சொல்லல?” என்று கேட்பவர்கள் வாச்சாத்தியை மறந்திருக்க மாட்டார்கள். அரூர் பக்கத்து மலைக் கிராமமான அங்கே சோதனைக்குப் போன வனத்துறையினரும் போலீஸாரும் பெண்களை வன்கொடுமை செய்தார்கள். அந்தப் பெண்கள் சொன்னதையும் அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். 1992 ஜூனில் நடந்த கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பரில். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வன்கொடுமையே நடந்துவிட்டால், குளிப்பதற்கு முன் மருத்துவமனைக்குப் போவது நல்லது. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம், எஃப்.ஐ.ஆர். கேட்டுக் காக்க வைக்க முடியாது. அப்புறம், சம்பவம் கிருஷ்ணகிரியில் நடந்திருந்தாலும் அரூர் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். “எங்க எல்லை இல்லம்மா” என்று திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் முதல் தகவல் அறிக்கை) போடச் சொல்லுங்கள். கூட வர ஆள் இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள்.