தீபாவளி முறுக்கு ஏன் நமுத்துப் போகிறது: பலகாரத்திலும் கருவாட்டிலும் ஈரத்தைக் கையாள்வதில் நடக்கும் தவறுகள்

தீபாவளி வருவது ஐப்பசியில். கடலூரிலும் புதுச்சேரியிலும் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்வதும் அதே ஐப்பசியில்தான். வருஷத்திலேயே அதிகமாகப் பலகாரம் சுடும் நேரமும், காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நேரமும் ஒன்றாக வந்து விழுவது கடலோரத்துக்காரர்களின் தலையெழுத்து. சேலத்துச் சித்தி சொன்ன அளவில் ஒரு பிடி கூடக்குறைய இல்லாமல் செய்திருப்பார்கள். ஆனாலும், "காலையில மொறுமொறுன்னு இருந்துச்சுக்கா, சாயங்காலம் பார்த்தா நமுத்துப் போச்சு" என்ற புலம்பல் வந்துவிடும். உடனே பழி மாவின் மேல், இல்லாவிட்டால் எண்ணெயின் மேல். பல சமயம் இரண்டின் மேலும் குற்றம் இல்லை. பலகாரம் வாணலியை விட்டு இறங்கிய பிறகு அதற்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

எவ்வளவு ஈரம் என்று மட்டும் பார்ப்பது

"ஈரம் அதிகம் என்றால் கெடும், குறைவு என்றால் நிற்கும்" என்று நினைப்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன. தேனில் 20 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். மூடிவைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும். அதே 20 சதவீத ஈரத்தோடு நெல்லைக் குவித்துவையுங்கள், சில நாளிலேயே குவியல் சூடேறிப் பூஞ்சை வாடை அடிக்கும். காட்டுமன்னார்கோவில் பக்கம் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனவர்களுக்கு 17 சதவீதம் என்ற ஈர வரம்பு மனப்பாடம். மழை வருஷத்தில் அதைத் தளர்த்தச் சொல்லிப் போராடுவதும் வழக்கம்தான்.

தேனில் இருக்கும் தண்ணீரைச் சர்க்கரை இறுகப் பிடித்துவைத்திருக்கிறது. கிருமிக்கு அதில் ஒரு சொட்டும் மிஞ்சுவதில்லை. நெல்லில் இருக்கும் தண்ணீர் அப்படிக் கட்டுப்பட்டது இல்லை. இப்படிக் கிருமிக்கும் காற்றுக்கும் கைக்கெட்டும்படி இருக்கும் தண்ணீரை அளப்பதற்குத்தான் நீர்ச் செயல்பாடு என்ற அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சுத்தத் தண்ணீர் 1. பச்சை மீன் 0.99 பக்கம். 0.91-க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகாது. பூஞ்சை இன்னும் பிடிவாதம், 0.70 வரைக்கும் தாக்குப்பிடிக்கும் வகைகள் உண்டு. 0.60-க்குக் கீழே எதுவும் வளராது.

முறுக்கு, தட்டை, சிப்ஸ் போன்றவற்றின் மொறுமொறுப்போ 0.40, 0.50 என்ற இடத்திலேயே போய்விடும். கெட்டுப்போவதற்கு வெகு முன்பே நமுத்துவிடும் என்று அர்த்தம். நமுத்த முறுக்கைச் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது, விற்கத்தான் முடியாது.

இந்த அளவை நூறால் பெருக்கினால் காற்றின் ஈரப்பதத்தோடு நேராக ஒப்பிடலாம். மழைக்காலக் காலையில் கடலூரில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். அந்தக் காற்றில் திறந்து கிடக்கும் தட்டை, 0.80-ஐ நோக்கி நடக்க ஆரம்பித்துவிடும். சேலத்துச் சித்தியின் அளவில் தவறில்லை. சேலத்தில் கடல் இல்லை, அவ்வளவுதான்.

சுடச்சுட அடைப்பது, ராத்திரி முழுக்க ஆறவிடுவது

இரண்டும் தவறு. முதல் தவறு எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் செய்துவிடுகிறார்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பாலித்தீன் கவரில் போட்டு ஒட்டினால், கொஞ்ச நேரத்தில் கவரின் உட்பக்கம் புகைபோலப் படியும். விரலால் தேய்த்துப் பார்த்தால் பொடிப் பொடியாக நீர்த்துளி. அது வேறெங்கும் போக வழியில்லாமல் முறுக்குக்குள்ளேயே இறங்கும்.

இதற்குப் பயந்துகொண்டு, "நல்லா ஆறட்டும்" என்று தாம்பாளத்தில் பரப்பி ஃபேனைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இன்னும் அதிகம். ஃபேன் சூட்டை மட்டும் எடுப்பதில்லை, ஈரக் காற்றைப் புதிது புதிதாகக் கொண்டுவந்து மேலே தள்ளிக்கொண்டும் இருக்கிறது. நன்றாக வெந்த முறுக்கில் ஈரம் பொதுவாக ஐந்து சதவீதத்துக்குக் கீழ்தான் இருக்கும். அந்த வறட்சிதான் மாவுச்சத்தைக் கண்ணாடிபோல் விறைப்பாக, கடித்தால் உடைகிற நிலையில் வைத்திருக்கிறது. கொஞ்சம் ஈரம் ஏறினாலும் விறைப்பு தளர்ந்து சவசவத்துவிடும். கையில் எடுத்தால் சூடு தெரியக் கூடாது, அந்த நிமிஷமே அடைத்துவிட வேண்டும். எண்ணெய் வடியும் நேரமும் ஆறும் நேரமும் சேர்த்தே அதற்குப் போதும். மழை நாளில் ஒரே மூச்சில் பத்து ஈடு போட்டுவிட்டு மொத்தமாக அடைப்பதைவிட, ஈடு ஈடாக அடைப்பது நல்லது.

அடைப்பது என்றதும் ஒன்று. ஒட்டும் இடத்தில் ஒரு துகள் ஓமப்பொடியோ, எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அந்த இடம் ஒட்டியதுபோலத் தெரியும், ஒட்டியிருக்காது. விலை உயர்ந்த கவர் வாங்கிவிட்டு வாயை எண்ணெய்க் கையால் பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவரை லேசாக அமுக்கிப் பாருங்கள், காற்று எங்கே கசிகிறது என்று கன்னத்தில் தெரியும்.

வெளியே சிவந்தால் உள்ளே வெந்ததாக எண்ணுவது

எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் தடிமனான முறுக்கு வெளியே சீக்கிரம் சிவந்துவிடும். நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். எடுத்ததும் கடித்தால் மொறுமொறுப்பு, ஏனென்றால் பல்லில் படுவது மேல்தோல். கவருக்குள் போன பிறகு நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல வெளித்தோலுக்குப் பரவும். கவர் ஓட்டையில்லை, காற்று உள்ளே போகவில்லை, ஆனாலும் மறுநாள் நமுத்திருக்கும். இந்த வகைப் புகாருக்குக் கவர்க்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. எண்ணெயில் கொப்புளம் அடங்கி, சலசலப்பு ஓயும் வரை மிதமான தீயில் விட்டிருக்க வேண்டும். கொப்புளம் என்பது வெளியேறும் தண்ணீர்தான். நிறத்தைவிட அதையே நம்பலாம்.

சீடை வெடிப்பதும் இதே தண்ணீரின் வேலை. மேலே தோல் இறுகிவிட, உள்ளே மாட்டிக்கொண்ட நீராவி வழி தேடுகிறது. கழுவி நிழலில் உலர்த்திய அரிசியை அரைத்த மாவை வறுக்காமல் சேர்ப்பது, சலிக்காத மாவில் கட்டி இருப்பது, உருண்டையை அழுத்தி வழுவழுப்பாக உருட்டுவது எல்லாம் அதற்குத் துணை. வெண்ணெயையும் கணக்கில் எடுங்கள். கடையில் விற்கும் வெண்ணெயிலேயே 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்க அனுமதி உண்டு. வீட்டில் கடைந்ததில் அதற்கு மேலும் இருக்கும்.

வடகத்தில் கதை தலைகீழ். அது பொரிவதே உள்ளே மிஞ்சிய பத்து சதவீத வாக்கிலான ஈரம் நீராவியாகி விரிவதால்தான். ஒரேயடியாக வறண்டுபோன வடகம் எண்ணெயில் போட்டால் விரியாமல் கருகும்.

மிக்சரில் பச்சை வாடை

காராசேவு, பூந்தி, அவல் எல்லாம் தனித்தனியே மொறுமொறுவென்று இருக்கும். கலந்து மூடிவைத்த மறுநாள் எல்லாமே சுமார். இங்கே வில்லன் பெரும்பாலும் கறிவேப்பிலை. பச்சை போகாத இலை, சரியாகச் சுண்டாத பூண்டு, அழகுக்காகப் போட்ட உலர்திராட்சை என்று மூன்றில் ஒன்று இருக்கும். நீர்ச் செயல்பாடு அதிகமாக உள்ள பொருளிலிருந்து குறைவாக உள்ள பொருளுக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், இரண்டும் சமமாகும் வரை. திராட்சையைத் தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும், அதன் அளவு 0.55, 0.60 என்று இருக்கும். பூந்தியின் அளவு அதைவிட வெகு குறைவு. ஆகவே திராட்சை கல்லாகும், பூந்தி நமுக்கும், இரண்டு பேருக்கும் நஷ்டம். கறிவேப்பிலையைக் கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். வளைந்தால் திரும்ப எண்ணெயில் போடுங்கள்.

உப்பிலும் கவனம் வேண்டும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். கழுவாத கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடோ, 33 சதவீதத்திலேயே தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். கடலோரத்தில் ஐப்பசி முழுக்க உப்பு ஜாடி கசகசவென்று இருப்பது இதனால்தான். இட்லிப்பொடிக்கு உப்பை வறுத்துச் சேர்க்கும் வழக்கம் வீண் வேலையில்லை. பொரித்ததன் மேல் தூவ வேண்டுமென்றாலும் வறுத்துப் பொடித்த உப்பையே தூவுங்கள்.

வெல்லமும் தண்ணீரை இழுக்கும் சரக்குதான். அதில் இருக்கும் குளுக்கோஸும் பிரக்டோஸும் அதற்குக் காரணம். அதிரசம் நாள்பட மெத்தென்று இருப்பதும் அந்தக் குணத்தால்தான், மழைநாளில் கடலைமிட்டாய் தாளோடு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான். பாகு சீக்கிரம் முறியக் கூடாது என்று கடலைமிட்டாயில் எலுமிச்சைச் சாறு பிழிகிறவர்கள், புளிப்பு அந்தச் சர்க்கரைகளை இன்னும் கூட்டிவிடும் என்பதை யோசிப்பதில்லை.

மேலே காய்ந்த கருவாடு

கடலூர் முதுநகர்ப் பக்கம் போனால் கருவாட்டு வாடையே வழிகாட்டும். நெத்திலி மெல்லியது, ஒரு நல்ல வெயிலில் சுருண்டுவிடும். தடித்த மீனில்தான் ஏமாற்றம். உச்சி வெயிலில் ஒரே மூச்சாகக் காய்ந்தால் மேற்பரப்பு ஓடாக இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்துக்குக் கதவடைத்துவிடும். கீறிப் பிளந்து, உப்பு நன்றாக இறங்க விட்டு, முதலில் காற்றோட்டமான இடத்தில் மெதுவாகக் காயவைப்பதே சரி. மணலில் பரப்பினால் அடிப்பக்கம் ஈரம் நிற்கும், மண்ணும் ஒட்டும். வலைத்தட்டு கட்டினால் இரண்டு பக்கமும் காற்று படும்.

"உப்பு போட்டாச்சு, இனி ஒன்றும் வராது" என்ற நம்பிக்கையும் முழுசாகச் சரியில்லை. கருவாட்டில் சில சமயம் இளஞ்சிவப்பாகப் படியுமே, அது உப்பிலேயே வாழும் நுண்ணுயிர். மரக்காணம் போன்ற இடங்களின் உப்பளப் பாத்திகளில் உப்பு நீர் இறுகும்போது சிவக்கிறதே, அங்கே இருப்பதும் அதே இனம்தான். உப்போடு சேர்ந்து கருவாட்டுக்கு வருகிறது. நீர்ச் செயல்பாடு 0.75-க்கு மேல் இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. ஆகவே இன்னும் உப்பைக் கொட்டுவதில் பயனில்லை, இன்னும் காயவைக்கத்தான் வேண்டும்.

வறட்சி இருந்தால் போதும் என்று நம்புவது

பண்ருட்டி முந்திரிக்காரர்கள் இதில் அனுபவசாலிகள். போர்மா என்ற உலர்த்தும் அடுப்பில் காய்ந்து தோல் உரித்த பருப்பு ரொம்ப வறண்டிருந்தால் தொட்டால் உடையும். முழுப்பருப்பு விலைக்கும் உடைசல் விலைக்கும் எவ்வளவு தூரம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அடைப்பதற்கு முன் கொஞ்சம் ஈரம் ஏறவிடுவார்கள், ஐந்து சதவீதத்தைத் தாண்டாமல். அதற்கு மேல் போனால் பூஞ்சை.

ஈரம் சரியாக இருந்தும் சிக்கு வாடை வருகிறதே என்றால், அது வேறு வழக்கு. முந்திரியிலும் வேர்க்கடலையிலும் இருக்கும் எண்ணெயை ஆக்சிஜன் தாக்குகிறது. வெளிச்சமும் சூடும் அதை வேகப்படுத்தும். சாதாரண பாலித்தீன் ஈரத்தை ஓரளவு நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது. கண்ணைப் பறிக்கும்படி கடை வாசலில் வெயில் படத் தொங்கவிடும் கண்ணாடிக் கவருக்குள் முந்திரி வெகு சீக்கிரம் காறும். பலமுறை காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பலகாரமும் அப்படித்தான், காறல் வாணலியிலேயே தொடங்கிவிடுகிறது. பொரிக்கும் எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள், அதாவது காயக் காய எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

வேர்க்கடலையில் பூஞ்சை தெரிந்தால் துடைத்துவிட்டு வறுக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பூஞ்சை விட்டுப்போகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுசாக அழியாது.

ரொட்டியை ஃபிரிட்ஜில் வைப்பது

புதுச்சேரியில் காலையில் வாங்கும் நீளமான பிரெஞ்சு ரொட்டி, சாயங்காலம் ஒன்று ரப்பராகும், இல்லை கட்டையாகும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் நடுச்சதையின் ஈரம் மேல்தோலுக்கு வந்து ரப்பராகிறது. அதற்குத் தாள் பைதான் சரி. கட்டையாவதை ஈரம் போனதாக எல்லோரும் நினைக்கிறார்கள், பாதிதான் உண்மை. வெந்த மாவுச்சத்து திரும்பக் கூடி இறுகுவதே முக்கியக் காரணம், அது மிக வேகமாக நடப்பது ஃபிரிட்ஜின் குளிரில். மீந்த சோறு காலையில் ஃபிரிட்ஜில் விறைத்துக் கிடப்பதும் இதுதான். அன்றே சாப்பிட முடியாவிட்டால் ஃப்ரீசரில் வையுங்கள், அங்கே இந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடும். எடுத்து லேசாகத் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் இறுகியது இளகும். உடனே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் முன்பைவிட வேகமாக இறுகும்.

தேதியைப் பார்த்து எழுதுவது

பலகாரத்தைக் கவரில் போட்டு விற்கிறவர்கள் செய்யும் கடைசித் தவறு, பக்கத்துக் கடைக் கவரில் "மூன்று மாதம்" என்று இருப்பதைப் பார்த்துத் தாங்களும் மூன்று மாதம் அச்சடிப்பது. அவர் கவர் வேறு, எண்ணெய் வேறு, உள்ளே நைட்ரஜன் அடைத்திருக்கவும் கூடும். ஒவ்வொரு முறை செய்யும்போதும் சில கவர்களைத் தேதி எழுதி எடுத்துவையுங்கள். பீரோவுக்குள் வேண்டாம், கடையில் சரக்கு எங்கே இருக்குமோ அந்த அலமாரியிலேயே. வாரம் ஒன்றைப் பிரித்து, முதலில் முகர்ந்து, பிறகு கடித்துப் பார்த்து எழுதிவாருங்கள். சித்திரையில் எழுதிய கணக்கைக் கார்த்திகையில் நம்பாதீர்கள், மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு வேண்டும். அதில் குறைந்ததை எடுத்து, அதிலும் கொஞ்சம் கழித்து அச்சடியுங்கள்.