பிரெஞ்சில் ஒரே ஒலிச் சொற்கள்: நான் வாங்கிக் கட்டிக்கொண்டவை

பாரிஸுக்குப் புதிதாக வந்த நாலைந்து பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒருவர் எழுதிக் காட்டிய கடிதத்தில், பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு இருந்தது. மீனும் விஷமும் நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விடுகிறேன்.

பெரே

வாடகை தாமதமான ஒரு மாதம், 'திங்கட்கிழமை கட்டுவேன்' என்று வீட்டுக்காரருக்கு எழுதினேன். 'ஜெ பெரே.' ஏ, ஐ என்ற இரண்டு எழுத்தோடு முடித்திருக்க வேண்டும். நான் ஒரு எஸ்ஸையும் சேர்த்துவிட்டேன். அந்த எஸ் வாயில் வராது. ஆனால் தாளில், 'ஏதாவது தோது இருந்தால் கட்டுவேன்' என்று ஆகிவிடும். 'என்ன நடந்தால் கட்டுவீர்கள்?' என்று பதிவுத் தபாலில் பதில் வந்தது. அதற்கப்புறம் அந்த மனிதர் என்னை ஒரு நாள் தாமதத்துக்கும் விட்டதில்லை.

நமக்கு இது வழுக்குவதற்குக் காரணம் தமிழ்தான். 'திங்கட்கிழமை கட்டுவேன்', 'நான் மட்டும் பணக்காரனாக இருந்தால் இன்றே கட்டுவேன்': இரண்டுக்கும் ஒரே 'கட்டுவேன்' நமக்குப் போதும். பிரெஞ்சில் முதலாவது எதிர்காலம், இரண்டாவது நிபந்தனை வடிவம். இலக்கணப்படி உச்சரிப்பிலும் மெல்லிய வேறுபாடு உண்டு. பாரிஸ் பேச்சில் அது பெரும்பாலும் காதில் விழாது. பிரெஞ்சுக்காரர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். அவர்கள் விழுந்தால் கைப்பிழை. நாம் விழுந்தால் மொழி தெரியாதவர். இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் 'நான்' என்பதை 'நாங்கள்' ஆக்கிப் பாருங்கள். 'நூ பெரோன்' என்று வந்தால் எதிர்காலம், எஸ் வேண்டாம். 'நூ பெரியோன்' என்று வந்தால் நிபந்தனை, எஸ் போடுங்கள். பெரியோனை மறக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. 'இருந்தால்' என்ற பொருளில் வரும் 'ஸி'யை ஒட்டியே, 'பெரே' போல 'ரே' என்று முடியும் வடிவத்தை எழுதாதீர்கள். 'ஸி'க்கு 'ரே' பிடிக்காது என்று பிரெஞ்சுப் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்கிறார்கள். அதே ஒலியில் 'ஸி' ரம்பமும் ஆகும், 'ரே' திருக்கை மீனும் ஆகும். ரம்பத்துக்குத் திருக்கை ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மான்ஜே

'சாப்பிட', 'சாப்பிட்ட' இரண்டும் காதுக்கு மான்ஜேதான். அந்த இடத்தில் 'விற்க' என்ற வினையை வைத்துப் பாருங்கள். 'வாந்த்ர்' (விற்க) பொருந்தினால் ஈ, ஆர் என்று முடியும். 'வாந்த்யு' (விற்ற) பொருந்தினால் மேலே கோடு போட்ட ஈ.

மேர்

அம்மா, கடல், மேயர். சொல்லுக்கு முன்னால் பெண்பாலைக் காட்டும் 'லா' வந்தால் அம்மா அல்லது கடல், ஆண்பாலைக் காட்டும் 'ல' வந்தால் மேயர் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுப்பேன். 2014இல் ஆன் இதால்கோ பாரிஸின் முதல் பெண் மேயர் ஆனார். பத்திரிகைகளில் 'லா மேர்' என்று பார்த்த அன்றே என் சூத்திரம் போச்சு. சரி, எழுத்துகளைப் பார்த்தே படிக்க வேண்டியதுதான்.

வேர்

கண்ணாடி, பச்சை, புழு, நோக்கி. வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஊ

மேலே கோடு இருந்தால் 'எங்கே'. இல்லாவிட்டால் 'அல்லது'.